பதினோரு மாதம்

இந்த வண்டி கர்நாடகத்துக்கு எப்போது வந்தது
என்று படிவம் கேட்கிறது.
பதினோரு மாசம்னு எழுதுங்க மேடம்,
என்கிறார் ஏஜென்ட் புட்டராஜு,
வெற்றிலைச் சாறு கீழுதட்டில் தளும்ப.
பன்னிரண்டைத் தாண்டினால் அபராதம்.
ஆறு வருடம் என்று எழுத இருந்த பேனா
கட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு
சொன்னதை எழுதுகிறது.

முகவரிச் சான்றாக
வாடகை ஒப்பந்தத்தை நீட்டுகிறேன்.
அதுவும் பதினோரு மாதம்தான்.
ஏழாவது தடவையாகப் பதினோரு மாதம்.
பார்த்தீங்களா, பொருத்தமா இருக்கு, என்று சிரிக்கிறார்.
கே.ஆர்.புரம் அலுவலக வரிசையில்
எனக்கு முன்னால் நிற்கும் எல்லோருமே
போன ஜூனில்தான் வந்திறங்கியிருக்கிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய தடையில்லாச் சான்று
மூன்று வாரம் எங்கோ கிடந்துவிட்டு வந்தது.
வழக்கில்லை. பாக்கியில்லை. திருட்டுப் புகாரில்லை.
இவ்வண்டி இங்கிருந்து போவதில்
எமக்கு ஆட்சேபணை இல்லை.
முத்திரை பாதிதான் விழுந்திருந்தது.
நான் கிளம்பிய அன்று அம்மா
அடுப்பைப் பார்த்துக்கொண்டே
போறவ போ, என்றாள்.
அதை எந்தக் கவுண்டரிலும் காட்ட முடியாது.

பென்சில் பிரிண்ட் வேண்டுமாம்.
சுபான் என்கிற பையன் பானெட்டைத் தூக்கி
சேஸிஸ் எண்மேல் வெள்ளை டேப்பை ஒட்டி
பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கிறான்.
பதினேழில் பதினாறு எழும்பி வந்தன.
ஒன்றை மட்டும் துரு தின்றிருந்தது.
மூன்றா, எட்டா?
ஆர்.சி. புத்தகத்தில் எட்டு.
புத்தகம் சொன்னால் போதாது,
இரும்பு சொல்ல வேண்டும், என்கிறார் இன்ஸ்பெக்டர்.
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு,
ஏன்ரீ, கடலிலா ஓட்டினீர்கள்?

பதில் சொல்லலாம்.
சொன்னால்
உப்பளத்து லாரிக்குப் பின்னாலேயே போன
துறைமுகச் சாலையைச் சொல்ல வேண்டும்,
பின் சீட்டைக் கழற்றிவிட்டு
அண்ணன் ஸ்டெனிஸ் ஐஸ் பெட்டி ஏற்றிய
இரண்டு வருடத்தைச் சொல்ல வேண்டும்,
தரைவிரிப்புக்கு அடியில் தேங்கிய மீன் தண்ணியை.
தலையை மட்டும் ஆட்டினேன்.

மண்ணெண்ணெய். கம்பி பிரஷ்.
பக்கத்து டீக்கடையிலிருந்து அரை எலுமிச்சை.
சுபான் தேய்க்கத் தேய்க்க
இடப்பக்கம் ஒரு வளைவு இருப்பதுபோலத் தெரிந்தது.
எட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று
நாங்கள் நாலு பேரும் ஒப்புக்கொண்டோம்.

காருக்கு ஆயுள் பதினைந்து என்று வைத்து
ஒன்பது போக மிச்சத்துக்கு
இருபத்தோராயிரத்துச் சொச்சம்.
ஊரில் கட்டிய ஆயுள் வரியைத் திரும்பக் கேட்க
இன்னொரு படிவம், அதற்கு ஊருக்கே போகணும்.
ஓர் உயிருக்கு இரண்டு ஆயுள் வரி கட்டியவள்
ஜெ. ரெக்ஸலின் என்று ரசீது சொல்கிறது,
'க்' இல்லாமல்.

திங்கட்கிழமை புது நம்பர் மாட்டியாயிற்று.
பழைய பிளேட் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்.
டின் ஃபேக்டரியில் மாதம் ஒருமுறையாவது
என்னை ஓரங்கட்டுகிற போலீஸ்காரர்
என்னைத் தாண்டிக் கையை நீட்டி
பின்னால் வந்த கேரள வண்டியை நிறுத்தினார்.
வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த சிக்னலில் முன்னால் ஒரு டி.என். அறுபத்தொன்பது.
ஆறு வருடப் பழக்கம்:
அறுபத்தொன்பதைக் கண்டால் குட்டியாய் இரண்டு ஹாரன்,
அவர்களும் திருப்பி இரண்டு.
யார் என்று கேட்டதில்லை.
கை தானாக அடித்துவிட்டது.

கண்ணாடியில் என் பிளேட்டைப் பார்த்தவர்
தலையை வெளியே நீட்டி
ஏனு அவசர நிமகே, என்றார்,
கன்னடம்தான்,
ஆனால் அந்தக் கடைசி எழுத்தை
எங்கள் தெருக்காரர் இழுக்கிற மாதிரி இழுத்து.

தப்பாய்த்து சார், என்றேன்
நானும்.